256 நிறங்களுக்கு மட்டும் அனுமதி

1972-ல் ரிச்சர்ட் ஷூப் என்ற இளம் ஆய்வாளருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிதாகத் தொடங்கியிருந்த 'பார்க்' ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. அக்கம்பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எழுத்தையும் ஆவணத்தையும் திரையில் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஷூப்புக்கு வேண்டியிருந்தது வேறு. தொலைக்காட்சித் திரையில் தூரிகை பிடித்து வண்ணம் தீட்ட வேண்டும், தீட்டியது கணினியின் நினைவகத்தில் அப்படியே நிற்க வேண்டும். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். முதல் கணக்கிலேயே திட்டம் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் புள்ளிகளாகப் பிரித்தால் குறுக்கே 640, நெடுக்கே 486. மொத்தம் 3,11,040 புள்ளிகள். கண்ணுக்குக் குறையில்லாத வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்புக்கு எட்டு பிட், பச்சைக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு என்று மூன்று பைட் தேவை. ஒரே ஒரு படத்துக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பைட்டுகள். நினைவகம் தங்க விலை விற்ற காலம் அது. பெரிய நிறுவனங்களின் கணினிகளில்கூட அவ்வளவு நினைவகம் இருப்பது அபூர்வம். ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று சுருக்கினால் எப்படியோ கட்டிவிடலாம். ஆனால் ஒரு பைட்டில் அடங்குவது 256 எண்கள்தான். அதைச் சிவப்புக்கு எட்டுப் படி, பச்சைக்கு எட்டுப் படி, நீலத்துக்கு நாலே படி என்று பங்கிட்டால் மனித முகம் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அந்த எட்டு பிட்டுக்குள் ஒரு ஓவியனின் வண்ணப் பெட்டியை அடைக்க வழி இருந்ததா?

இருந்தது. புள்ளியில் நிறத்தை எழுதிவைப்பதையே ஷூப்பின் வடிவமைப்பு கைவிட்டது. பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் பார்த்து வாடிக்கையாளர் எண்ணை மட்டும் சொல்வார், அந்த எண்ணுக்கு எந்த வண்ணம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது கடைக்காரரிடம் இருக்கும். அதுபோல, புள்ளியில் இருப்பது 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். நினைவகத்துக்கும் திரைக்கும் நடுவே 256 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் முழு அளவு. ஆக, ஒரே சமயத்தில் திரையில் தெரிவது 256 நிறங்கள்தான் என்றாலும், அந்த 256-ம் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவையாக இருக்கலாம். காகிதத்தில் எல்லாம் சரி. இயந்திரமாகக் கட்டும்போதுதான் சோதனை ஆரம்பித்தது.

இன்று போல, வேண்டிய இடத்தில் வேண்டியபோது கைவைக்கக்கூடிய நினைவகச் சில்லுகள் அப்போது அவர் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. கிடைத்தவை ஷிஃப்ட் ரெஜிஸ்டர்கள். அவற்றில் தரவு ஓரிடத்தில் நிற்காது, வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றால் அது சுற்றி வரும்வரை காத்திருந்து, வந்த கணத்தில் பிடித்து மாற்ற வேண்டும். டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் நோவா 800 என்ற சிறு கணினியோடு இந்தச் சுழலும் நினைவகத்தை இணைத்து, பலகை பலகையாகச் சில்லுகளை அடுக்கி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார் ஷூப். 1973 ஏப்ரலில் அந்த இயந்திரம் முதல் படத்தைப் பிடித்துவைத்தது. ஒரு வீடியோ கேமராவுக்கு முன் ஷூப்பே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அட்டை. 'வேலை செய்கிறது, ஏதோ ஒரு மாதிரி' என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. அந்த இயந்திரத்துக்கு சூப்பர்பெயின்ட் என்று பெயர். அதைப் பார்க்க வந்த ஒரு பழைய நண்பர் திரும்பிப் போகவில்லை.

ஆல்வி ரே ஸ்மித் கணிதம் படித்தவர், ஓவியமும் தீட்டுவார். நியூயார்க்கில் பேராசிரியராக இருந்தபோது பனிச்சறுக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவருக்கு, தன் ஓவியக் கையை வீணாக்குகிறோம் என்று பட்டது. வேலையை விட்டுவிட்டுக் கலிபோர்னியா வந்து சேர்ந்தார். 1974-ல் ஷூப் அவருக்கு சூப்பர்பெயின்டைக் காட்டினார். ஸ்மித் அதன் முன் உட்கார்ந்தவர், மணிக்கணக்காக எழுந்திருக்கவே இல்லை. அவரை முறைப்படி வேலைக்கு எடுக்க இடமில்லாததால், உபகரணம் வாங்குவதற்கான கொள்முதல் ஆணையின் கீழ் அவருக்குப் பணம் கொடுத்தார்கள். மேசை நாற்காலி வாங்கும் கணக்கில் ஒரு கலைஞன் உள்ளே வந்தான். வந்தவன் அந்த அட்டவணைக்குள் ஒளிந்திருந்த வேடிக்கையைக் கண்டுகொண்டான்.

படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டாம். அட்டவணையின் 256 வரிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தினால் போதும். 40-ம் எண்ணின் நீலம் 41-க்குப் போகும், 41-ன் நீலம் 42-க்குப் போகும். திரையில் தண்ணீர் ஓடும், நெருப்பு எரியும், கோள்கள் சுழலும். மூன்று லட்சம் புள்ளிகளை மாற்றத் திணறிய கணினிக்கு 256 வரிகளை மாற்றுவது விளையாட்டு. நினைவகம் போதாமல் செய்த ஏற்பாடு, அசைவையே கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்துவிட்டது. நாசாவின் பயோனியர் வீனஸ் விண்கலம் 1978-ல் வெள்ளிக் கோளை அடைந்தபோது, தொலைக்காட்சிக்கான விளக்கப் படங்கள் சூப்பர்பெயின்டில்தான் உருவாயின. அதற்குள் ஸ்மித் அந்தக் கட்டடத்தில் இல்லை.

ஜெராக்ஸ் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நாளைய அலுவலகம் கறுப்பு வெள்ளையில்தான் இயங்கும், வண்ணத்துக்கு அங்கே வேலையில்லை என்பது அந்த முடிவு. எதிர்காலமே வண்ணம்தான், அது உங்கள் கையிலேயே இருக்கிறது என்று ஸ்மித் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. 1975 தொடக்கத்தில் அவருடைய கொள்முதல் ஆணை ரத்தானது. ஸ்மித்தும் அவரோடு வேலை பார்த்த டேவிட் டிஃப்ரான்செஸ்கோவும் அதுபோன்ற இன்னொரு இயந்திரத்தைத் தேடி யூட்டா மாநிலத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் காதில் ஒரு செய்தி விழுந்தது. கிழக்கே லாங் ஐலண்டில் ஒரு பணக்காரர், கணினியில் கார்ட்டூன் படம் எடுக்க வேண்டுமென்று கையில் கிடைத்த கருவிகளையெல்லாம் வாங்கிக் குவிக்கிறாராம்.

அவர் அலெக்சாண்டர் ஷூர், நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் தலைவர். எவன்ஸ் அண்ட் சதர்லேண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த படநினைவகம் அவரிடம் வந்துசேர்ந்தது. எட்டு பிட், 256 நிறம். அதற்கே ஒரு வீட்டை விற்க வேண்டிய விலை. ஸ்மித் குழுவினர் ஒருநாள் அவரிடம், மூன்றை ஒன்றாகச் சேர்த்தால் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று முழு வண்ணம் கிடைக்கும் என்றார்கள். ஷூர் மறுபேச்சுப் பேசவில்லை. கேட்டதற்கும் மேலாகவே வாங்கிக் கொடுத்தார். 256 என்ற வேலி உடைந்தது. கோடிக்கணக்கான நிறங்கள் ஒரே திரையில். ஷூப்பின் அட்டவணைக்கு இனி வேலையில்லை என்று யாருக்கும் தோன்றியிருக்கும். நடந்தது தலைகீழ்.

முழு வண்ணத் திரை வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் எட்டு பிட்தான். புகைப்படமோ கணினியில் வரைந்த காட்சியோ இப்போது முழு வண்ணத்தில் பிறந்தது, காட்ட வேண்டிய திரையிலோ 256 இடம்தான் இருந்தது. தூரிகை பிடித்து வரைகிறவன் தன் 256 நிறங்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வான். பிடித்துவைத்த புகைப்படத்துக்கு யார் தேர்ந்தெடுப்பது? லட்சக்கணக்கான புள்ளிகளில் ஆயிரக்கணக்கான சாயல்கள். அவற்றில் எந்த 256 உள்ளே, எவை வெளியே? அந்தக் கேள்விக்கு 1978-ல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பதிலைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி.

நியூயார்க் இன்ஸ்டிட்யூட்டில் எஃப்ரெயிம் கோஹன், மாசசூசெட்ஸில் எம்ஐடி-யின் ஆர்க்கிடெக்சர் மெஷின் குழுவில் டாம் பாயிலும் ஆண்டி லிப்மனும். அவர்கள் கண்ட வழி, வாக்கெடுப்பு. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்துக்கு ஓர் ஓட்டுப் போடும். அதிக ஓட்டு வாங்கிய முதல் 256 நிறங்கள் அட்டவணைக்குள் போகும். மீதி நிறங்கள், உள்ளே போனவற்றில் தமக்கு மிக நெருங்கியதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எளிமையான வழி, வேகமான வழி, பல படங்களுக்குக் கச்சிதமாகவும் பொருந்தியது. ஆனால் கடற்கரையில் சிவப்புத் தொப்பி போட்டு நிற்கும் ஒரு குழந்தையின் படத்தைக் கொடுத்தால்? வானத்தின் நீலச் சாயல்களும் மணலின் பழுப்புச் சாயல்களும் 256 இடங்களையும் பிடித்துக்கொள்ளும். தொப்பிக்கு ஓட்டு போதாது. பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அந்தச் சிவப்புதான். அதுவே காணாமல் போய், தொப்பி மணல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய முன்வந்தவர் பேராசிரியர் அல்ல.

பால் ஹெக்பர்ட் அப்போது எம்ஐடி-யில் இளநிலை மாணவர். பட்டம் வாங்க ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். ஆர்க்கிடெக்சர் மெஷின் குழுவில் எட்டு பிட் திரையில் வண்ணப் படம் காட்டுவதில் இருந்த இந்தச் சிக்கலையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். எல்லா நிறங்களையும் ஒரு கனசதுரத்துக்குள் மிதக்கும் புள்ளிகளாக அவர் பார்த்தார். நீளம் சிவப்பு, அகலம் பச்சை, உயரம் நீலம். ஒரு படத்தின் நிறங்கள் அந்தக் கனசதுரத்தில் ஓரிடத்தில் மேகம்போல் அடர்ந்திருக்கும், இன்னோரிடத்தில் கலைந்திருக்கும், பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். வெறுமையை விட்டுவிட்டு மேகத்தை மட்டும் எப்படிப் பங்கிடுவது? ஹெக்பர்ட் கத்தியை எடுத்தார்.

முதலில் எல்லா நிறங்களும் அடங்கும் மிகச் சிறிய பெட்டி ஒன்று. அதன் மிக நீளமான பக்கம் எது என்று பார்க்க வேண்டும். அந்தத் திசையில், இந்தப் பக்கம் பாதிப் புள்ளிகள், அந்தப் பக்கம் பாதிப் புள்ளிகள் வருமாறு நடுவே ஒரு வெட்டு. இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றையும் உள்ளே இருக்கும் நிறங்கள் அளவுக்குச் சுருக்கி, மறுபடி மிக நீளமான பக்கம், மறுபடி வெட்டு. 256 பெட்டிகள் ஆனதும் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு பெட்டியின் சராசரி நிறமும் அட்டவணையில் ஒரு வரி. கூட்டம் நெருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளாக விழும், நுணுக்கமான சாயல்கள் பிழைக்கும். தனித்து நிற்கும் சிவப்பும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அது தூரத்தில் இருப்பதாலேயே தன் பெட்டியின் பக்கத்தை நீளமாக்கிவிடுகிறது, நீளமான பக்கம் கத்தியை அழைக்கிறது. கணினி வரைகலையின் வரலாற்றில் இதைவிடச் சிக்கலான தீர்வுகள் எத்தனையோ உண்டு. இவ்வளவு குறைந்த வரிகளில், கூட்டத்துக்கும் தனியாளுக்கும் இவ்வளவு இடம் கொடுத்த தீர்வு இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. 'மீடியன் கட்' என்று பெயர் பெற்ற அந்த முறை 1980-ல் ஆய்வேடாகி, 1982-ல் பாஸ்டனில் நடந்த சிக்கிராஃப் மாநாட்டில் கட்டுரையாக அரங்கேறியது. திரையில் தொப்பி சிவந்தது. வானத்தில்தான் இன்னும் ஒரு கறை மிச்சமிருந்தது.

மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் மாலை வானம், எவ்வளவு நன்றாகத் தேர்ந்தாலும் சில நூறு நிறங்களுக்குள் படிக்கட்டாக மாறிவிடும். ஒரு நீலம் முடிந்து அடுத்த நீலம் தொடங்கும் இடத்தில் கோடு தெரியும். அதற்கு மருந்து, ஏற்கெனவே ஸ்டான்ஃபோர்டில் வேறொரு நோய்க்காகத் தயாராகியிருந்தது. ராபர்ட் ஃப்ளாய்டும் லூயி ஸ்டைன்பர்க்கும் கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் காட்டும் திரையில் சாம்பல் நிறத்தை எப்படி உணர்த்துவது என்று 1970-களின் நடுவில் யோசித்தவர்கள். ஒரு புள்ளியில் உண்மை நிறத்துக்கும் வைத்த நிறத்துக்கும் வரும் வித்தியாசத்தைத் தொலைத்துவிடாமல், அதைப் பதினாறு கூறாக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு ஏழு, நேர் கீழே ஐந்து, கீழே இடப்புறம் மூன்று, கீழே வலப்புறம் ஒன்று என்று பகிர்ந்துகொடுத்தார்கள். இந்த ஏழும் ஐந்தும் மூன்றும் ஒன்றும் பெரும்பாலும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவை. சரிபாதிச் சாம்பல் ஒரு சதுரங்கப் பலகைபோல விழ வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். ஒரு புள்ளி செய்த தவறை அண்டைப் புள்ளிகள் ஈடுகட்டின. அதே வித்தையை வண்ணத்துக்கும் போட்டபோது வானத்துப் படிக்கட்டுகள் கரைந்தன. இப்போது எல்லாம் கைவசம். ஆனால் வீடுகளில் இருந்த கணினிகளுக்கும் இவை எதற்கும் தொடர்பே இல்லை.

1987-ல் அந்தத் தொடர்பு இரண்டு திசையிலிருந்து வந்தது, இரண்டு மாத இடைவெளியில். ஏப்ரலில் ஐபிஎம் தன் புதிய கணினிகளோடு விஜிஏ என்ற திரை அமைப்பை அறிவித்தது. அதன் ஒரு நிலையில் 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐத் தேர்ந்துகொள்ளலாம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஷூப் கட்டிய அட்டவணை, இப்போது மேசைக் கணினிக்குள் ஒரு சில்லாக உட்கார்ந்திருந்தது. ஜூன் 15 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்த கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிச் சேவை வழங்கிய நிறுவனம் அது. வாடிக்கையாளரிடம் இருந்த கணினிகள் ஆப்பிள், அட்டாரி, கொமடோர், ஐபிஎம் என்று ஆளுக்கொரு ஜாதி. எல்லாவற்றிலும் ஒரே படம் தெரிய வேண்டும், மெதுவான மோடம் வழியாகச் சீக்கிரம் போய்ச்சேரவும் வேண்டும். ஸ்டீவ் வில்ஹைட் என்ற நிரலாளர் அதற்குக் கண்ட விடை, படத்தோடு அதன் 256 நிற அட்டவணையையும் சேர்த்தே அனுப்புவது. முழு அட்டவணைக்கு 768 பைட்தான். எண்களாக மாறிய படத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் என்பதால் சுருக்குவதும் எளிது. அந்தச் சுருக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட முறைக்குள் ஒரு கண்ணிவெடி புதைந்திருந்தது.

1984 ஜூனில் டெர்ரி வெல்ச் என்பவர் ஒரு கணினி இதழில் தரவுச் சுருக்கம் பற்றி அருமையான கட்டுரை ஒன்று எழுதினார். இஸ்ரேலின் ஜேக்கப் சிவ், ஆபிரகாம் லெம்பல் இருவரும் 1978-ல் தந்த முறையை அவர் மெருகேற்றியிருந்தார். மூவரின் பெயரும் சேர்ந்து எல்இசட்டபிள்யூ ஆனது. படித்த நிரலாளர்கள் அதை ஆர்வத்தோடு எடுத்துப் பயன்படுத்தினார்கள், வில்ஹைட்டும்தான். ஆனால் அதற்குக் காப்புரிமை கேட்டு 1983 ஜூனிலேயே ஸ்பெர்ரி நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. 1985 டிசம்பரில் உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஸ்பெர்ரி, பரோஸ் என்ற நிறுவனத்தோடு கலந்து யூனிசிஸ் ஆனது. வில்ஹைட்டின் ஜிஃப் உலகமெங்கும் பரவியது. வலைத்தளங்கள் பிறந்தபோது அவற்றின் பொத்தான்களும் சின்னங்களும் ஜிஃப் ஆகவே பிறந்தன. 1994-ன் கடைசி வாரத்தில், எல்லோரும் பண்டிகை விடுமுறையில் இருந்தபோது, வெடி வெடித்தது.

ஜிஃப் கோப்பை உருவாக்கும் மென்பொருள்கள் இனி யூனிசிஸிடம் உரிமம் பெற வேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும். ஏழு ஆண்டுகளாக எல்லோரும் இலவசம் என்று நம்பிய வடிவம் அது. கொந்தளிப்பு எழுந்தது. ஆத்திரம் சில நாட்களிலேயே ஆக்கமாகத் திரும்பியது. 1995 ஜனவரி முதல் வாரத்தில் தாமஸ் பூட்டல் ஒரு மாற்று வடிவத்துக்கான வரைவை முன்வைத்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து அதைச் செதுக்கினார்கள். 1996 அக்டோபரில் அது பிஎன்ஜி என்ற பெயரில் தரநிலையானது. முழு வண்ணத்தையும் தாங்கக்கூடிய அந்தப் புதிய வடிவத்திலும் 256 நிற அட்டவணையை அவர்கள் விட்டுவிடவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அட்டவணையின் ஒவ்வொரு நிறத்துக்கும் அது எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற அளவையும் சேர்த்தார்கள். கோப்புச் சண்டை இப்படி ஓய்ந்துகொண்டிருக்க, திரையிலேயே இன்னொரு சண்டை மூண்டிருந்தது.

ஒவ்வொரு படமும் தனக்கென்று தேர்ந்த 256 நிறங்களோடு வந்தது. திரைக்கோ ஒரே ஓர் அட்டவணை. விண்டோஸ் தன் சொந்த உபயோகத்துக்கு அதில் 20 வரிகளை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு சன்னலில் ரோஜாத் தோட்டம், இன்னொரு சன்னலில் கடல் என்று திறந்தால், கடலைத் தொட்டதும் அட்டவணை கடலுக்கு மாறும், பின்னால் இருக்கும் ரோஜாக்கள் பச்சையும் ஊதாவுமாகப் பேயடித்ததுபோல் நிற்கும். நெட்ஸ்கேப் உலாவி இதற்கு ஒரு சமரசம் கண்டது. சிவப்பில் ஆறு படி, பச்சையில் ஆறு, நீலத்தில் ஆறு. ஆறாறு முப்பத்தாறு, அதை ஆறால் பெருக்கினால் 216. எந்தப் படத்துக்கும் விசேஷமாகப் பொருந்தாத, ஆனால் எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரு தட்டு. லிண்டா வைன்மன் 1996-ல் எழுதிய புத்தகம் அதை வடிவமைப்பாளர்களிடையே பரப்பியது. ஒரு தலைமுறையே அந்த 216-ஐ வேதமாக எடுத்துக்கொண்டது. 2000-ல் வெவ்வேறு கணினிகளில் அதை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, எல்லாத் திரையிலும் பிசகாமல் நின்றவை 22 நிறங்கள்தான்.

அந்தப் பொதுத் தட்டுக்குத் தலைவணங்காதவர்கள் விளையாட்டு செய்தவர்கள். திரை முழுக்க அவர்கள் வசம், அட்டவணையும் அவர்களுடையது. 1993-ல் வந்த டூம் விளையாட்டின் கலைஞர்கள் முழு ஆட்டத்துக்கும் சேர்த்து 256 நிறங்களைத் தேர்ந்தார்கள். ரத்தத்துக்கு, சேற்றுக்கு, துரு ஏறிய இரும்புக்கு என்று வரிசை வரிசையாக. அதே தட்டின் பதினான்கு வடிவங்கள் கோப்பில் இருந்தன. ஆடுபவருக்கு அடிபட்டால் சிவப்பேறிய தட்டுக்கு மாறும், கண்ணிமைக்கும் நேரத்தில் திரை முழுதும் சிவந்துவிடும். ஆல்வி ரே ஸ்மித் விளையாடிப் பார்த்த அதே வித்தை. கணிதம் தேர்வதற்கும் கலைஞன் தேர்வதற்கும் நடுவே எப்போதும் ஒரு கதவு திறந்தே இருந்தது என்பதற்கு டூம் நல்ல சாட்சி. அந்தக் கதவு இன்று எங்கே இருக்கிறது?

பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய கிம்ப் மென்பொருளில் 'இமேஜ்' பட்டியலைத் திறந்து, 'மோட்' என்ற வரிக்குப் போனால் மூன்றாவதாக ஒரு சொல் இருக்கும்: 'இன்டெக்ஸ்டு'. ஃபோட்டோஷாப்பிலும் அது உண்டு. சொடுக்கினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ஐகான் செய்கிறவர், இணையப் படத்தின் எடையைக் குறைக்கிறவர், ஜிஃப் அசைபடம் செய்கிறவர் என்று தினமும் எத்தனையோ பேர் இரண்டு நொடி பார்த்து, 'கன்வர்ட்' என்று அழுத்திவிட்டு நகரும் பெட்டி. உகந்த தட்டை உருவாக்கு என்ற முதல் வரியை அழுத்தினால் ஹெக்பர்ட்டின் கத்தி வெட்டத் தொடங்குகிறது, எத்தனையோ கைகள் தீட்டிய வடிவில். எத்தனை நிறம் என்று கேட்கும் கட்டத்தில் 256-க்கு மேல் போக முடியாது, ஒரு பைட்டில் அதற்கு மேல் எண் கிடையாது. இணையத் தட்டு என்ற வரி நெட்ஸ்கேப்பின் 216. கீழே டிதரிங் என்ற இடத்தில் ஃப்ளாய்டும் ஸ்டைன்பர்க்கும் பெயர் சொல்லியே நிற்கிறார்கள்.

ஜிஃப்பின் மேல் விழுந்த அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியாகிவிட்டது. நினைவகம் மலிந்துவிட்டது. முழு வண்ணம் கைபேசிக்கே வந்துவிட்டது. இருந்தும் அந்தப் பெட்டியில் பயன்பாட்டாளர் தானே ஒரு தட்டைக் கொடுக்கும் வரி ஒன்று உயிரோடு இருக்கிறது: 'கஸ்டம் பேலட்'. அதற்கு இப்போது புதிய வேலை வந்திருக்கிறது. பல்பொருள் அங்காடிகளின் அலமாரியில் காகிதச் சீட்டுக்குப் பதிலாக மின்தாள் விலைச் சீட்டுகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. மின்சாரம் இல்லாமலே படத்தைப் பிடித்துவைத்திருக்கும் அந்தத் தாளில் மைத் துகள்கள் சிலவே: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, சிலவற்றில் மஞ்சளும். அதில் ஒரு தக்காளியின் படத்தைக் காட்ட வேண்டுமென்றால், மூன்றோ நாலோ நிறம் கொண்ட தட்டு ஒன்றை முதலில் கையால் செய்ய வேண்டும், படத்தை அந்தத் தட்டுக்குள் இறக்க வேண்டும். இறக்கும்போது மிஞ்சும் வித்தியாசம் வலப்பக்கத்துக்கு ஏழு பங்கு, கீழே ஐந்து, மூன்று, ஒன்று என்று இன்றைக்கும் பிரிந்து போகிறது.